வாங்குகிறவருக்கு அரைச் சொட்டு

எரியட்டும். அன்பை அளக்கிற அந்த வளையத்தை என் தலையில் மாட்டட்டும், புகை வரட்டும், மிஷினே கருகி நாறட்டும். இருப்பதைக் கொடு. கொடுக்கும்போது சிரி. சிரித்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று திறந்து காட்டு. எனக்கு முன்னால் பிறந்த பெண்கள் பாக்கியசாலிகள். வயிற்றெரிச்சலோடு சொத்தை விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே எரிச்சலோடு பஸ் ஏறிப் போனார்கள். அந்த எரிச்சலையாவது அவர்களுக்கே விட்டுவைத்தார்கள்.

கோகிலவாணி இதில் ஒரு வார்த்தையைக்கூட வெளியே விடவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நின்றிருந்த தம்பியின் காரில், பின்சீட்டில், மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் கேசரி. தம்பி மனைவி ரம்யா செய்து எடுத்து வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரம்யா அவளுக்கென்று அடுப்பில் ஏற்றிய முதல் பண்டம்.

"ஒரு வாய் சாப்பிடுங்க நங்கையா. நெய் எச்சாவே விட்டிருக்கேன்."

"எனக்குச் சர்க்கரை இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்களே. மனசு கொஞ்சம் எளகும்."

முன்சீட்டிலிருந்து தரணிதரன் கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தான். கோயமுத்தூரில் அடுக்குமாடி வீடு, வாரம் ஒரு முறை திருத்திக்கொள்ளும் தாடி, எப்போதும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும் காது. "அக்கா, கோவத்தோட உள்ள போவாத. மிஷின் செவப்புக் காட்டுச்சுன்னா மறுபடியும் தேதி வாங்கறதுக்குள்ள கம்பெனிக்காரன் வேற எடம் பாத்துருவான்."

கம்பெனிக்காரன் என்பது பேட்டரி செய்கிற ஒரு கம்பெனி. அவர்கள் அப்பாவின் தோட்டம் பைபாஸை ஒட்டி இருந்தது. முழுத் தோட்டமும் ஒரே பெயரில் வந்தால்தான் கம்பெனி வாங்கும். அப்பா உயில் எழுதாமல் போனதால் பாதி கோகிலவாணியுடையது. அந்தத் தோட்டத்துச் சாளை வீட்டில்தான் அவள் இருந்தாள். புருஷன் இறந்தபின் வந்து சேர்ந்த இடம் அது. படுக்கையில் விழுந்த அப்பாவைக் கடைசிவரை புரட்டிப் போட்டுத் துடைத்ததும் அங்கேதான். கிணற்றடியில் தென்னங்கன்று போட்டு விற்றுத் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொண்டதும் அங்கேதான்.

இருந்தும் அவள் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தாள். பெண் பிறந்தால் பாத்தியதையை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கும், பொங்கலுக்கு ஒரு சேலை வரும், சாவுக்குக் கோடித்துணி வரும். கொடுக்காதவளைப் பற்றிப் பேசும்போது ஊர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. மிச்சமிருந்த ஒரே வாசல் இந்தத் தம்பி. அதனால்தான் வந்தாள். அந்தக் காரணத்தின் மேல்தான் அவளுக்கு அத்தனை கோபம்.

பத்திர எழுத்தர் சென்னியப்பன் கார் கண்ணாடியைத் தட்டினார். வெற்றிலை வாயோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, சொட்டு விட்டாச்சுங்களா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பச்சை காட்டறதுக்குத்தானுங். எதுத்தாப்புல மருந்துக்கடையிலயே விக்கறான். மூக்குக்கு ஒரு சொட்டு, ரெண்டு மூக்குக்கும் ரெண்டு. பொறந்தவன் மேல பாசம் அப்புடியே பொங்கும். ஒரு மணி நேரம் நிக்கும். நேத்திக்கு மூணு பத்திரம் முடிச்சேன். மூணு தங்கச்சிகளும் சொட்டு விட்டவங்கதான். அழுதுக்கிட்டே கைநாட்டு வெச்சுட்டுப் போனாங்க."

"நேரா காசைக் குடுத்து வாங்கிட்டாப் போவுது. எதுக்கு என் மூக்குல மருந்து?"

தரணி ஸ்டியரிங்கைப் பார்த்தான். சென்னியப்பன்தான் பதில் சொன்னார்.

"காசு குடுத்தா அது கிரயம் அம்மிணி. சர்க்கார் மதிப்புக்குக் கொறையாம உங்க கணக்குல ஏறோணும். தம்பிக்கு அது கட்டுப்படியாவாது. காசே வாங்காம எழுதிக் குடுத்தாலோ, செல்லாது. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்குனாத்தான் ஒப்பந்தம். அந்த வாங்கறதுக்குப் பேரு மறுபயன். அது இல்லாட்டி பத்திரம் வெறுங்காயிதம். சொந்தத்துக்குள்ள மட்டும் ஒரு சலுகை. காசுக்குப் பதிலா அன்பையே காரணமாக் காட்டலாம்."

"அன்பு இருக்குன்னு எழுதுனாப் பத்தாதா?"

"அப்புடித்தான் நாங்களும் எழுதிட்டிருந்தோம். 'அன்பும் பாசமும் காரணமாக'ன்னு. கம்ப்யூட்டர்லயே அடிச்சு வெச்சிருப்போம், பேரை மட்டும் மாத்துவோம். அப்பறம் அக்கா தங்கச்சிகளெல்லாம் கோர்ட்டுக்குப் போயி, அன்பாவது மண்ணாவது, மெரட்டி வாங்குனாங்கன்னு நின்னாங்க. கோர்ட்டுக்காரன் பாத்தான். அன்புதான் வெலைன்னா அந்த வெலை இருந்துச்சான்னு அளந்து வையின்னுட்டான். மிஷின் வந்துருச்சு."

"மருந்து விட்டு வந்த அன்பு செல்லுமா?"

சென்னியப்பன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மறுபயன் இருக்குதான்னுதான் சட்டம் பாக்கும். எத்தனை இருக்கு, எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காது. ஊட்டை எழுதிக் குடுத்துட்டு வெத்தலை பாக்கு வாங்கிட்டாலும் வெலை வெலைதானுங்."

"அப்பாவுக்கு நான் செஞ்சதெல்லாம்? அது கணக்குல வராதா?"

"அது முடிஞ்சு போனது அம்மிணி. நீங்களா செஞ்சீங்க. செஞ்சதுக்கு இன்னது தர்றேன்னு தம்பி எங்கயாவது வாக்குக் குடுத்திருந்தா சொல்லுங்க, அதையும் எழுதிக்கலாம். குடுத்தாருங்களா?"

காருக்குள் ஏசி இரைந்தது. தரணி கைப்பேசியை எடுத்து, யாரும் கூப்பிடாமலே, காதில் வைத்துக்கொண்டான்.

"மூக்குல எதையும் விட மாட்டேன்," என்றாள் கோகிலவாணி. "இருக்கறது இருக்கட்டும். இல்லாதது இல்லைன்னு தெரியட்டும்."

"நங்கையா..."

"கேசரியை நீயே சாப்பிடு. உனக்குத்தான் மனசு எளகோணும்."

சென்னியப்பன் ரம்யாவைப் பார்த்துச் சமாதானமாகச் சிரித்தார். "விடுங்க கண்ணு. தம்பிக்கு இணைச்சீர் செஞ்ச அக்கா. செவப்பா காட்டிரும்?"

கல்யாணத்தன்று இணைச்சீரில் மாப்பிள்ளையின் சகோதரி மூங்கில் பேழைமூடியைத் தலையில் தாங்கி நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை மாப்பிள்ளை கையில். தரணி கல்யாணத்தில் அப்படி நின்றபோது கழுத்து விண்ணென்று தெறித்தது அவளுக்கு நினைவிருந்தது. தம்பி சிரித்தானா, அவளைப் பார்த்தானா என்பது நினைவில்லை.

அளவை அறையில் பினாயில் வாடையும் முடி எண்ணெய் வாடையும் கலந்திருந்தன. இரண்டு நாற்காலிகள், இரண்டு வளையங்கள், எதிர்ச்சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு விளக்குத் தண்டுகள். குறுக்கே ஒரு கோடு. அன்பு கோட்டுக்குக் கீழே நின்றால் சிவப்பு, தாண்டினால் பச்சை. சார்பதிவாளர் கோகிலவாணியைவிட வயதில் இளையவள். பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடிவந்தவள்போல் புடவைத் தோளில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

"எதிர்ல இருக்கறவரைப் பாத்துட்டே உக்காருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கோகிலவாணி தம்பியைப் பார்த்தாள். வேண்டுமென்றே மோசமானதையெல்லாம் நினைத்தாள். அப்பா மூச்சு இழுத்த அன்று இவன் மீட்டிங்கில் இருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலையை எடுக்குமுன் தோட்டத்துக்கு அளவைக்காரனைக் கூட்டி வந்தான். இவன் படிக்க வேண்டும் என்று பத்தாவதோடு என்னை நிறுத்தினார்கள். இவன் கேட்கவில்லை, உண்மைதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோபம் கொதித்தது. சரி, இப்போது பார் என்று சுவரைப் பார்த்தாள்.

அவள் தண்டு கோட்டைத் தாண்டி, உச்சி தொட்டு, பச்சையாக எரிந்தது.

"சொட்டு விடாமலா?" என்றாள் சார்பதிவாளர், தன்னை மறந்து.

சென்னியப்பன் கைகூப்பினார். ரம்யா கண்ணை மூடி எந்தச் சாமிக்கோ நன்றி சொன்னாள். கோகிலவாணிக்கு யாரோ நடுத்தெருவில் புடவையை உருவிவிட்டதுபோல் இருந்தது. துரோகி, என்றாள் தன் நெஞ்சிடம். இத்தனை வருஷம் கோபம் கோபம் என்று வளர்த்தேனே, அதன் அடியில் நீ இதையா வைத்திருந்தாய்? இவனுக்கா? வெட்கமில்லையா உனக்கு?

அந்தப் பொருமலில் அடுத்த தண்டை அவள் கவனிக்கவில்லை. அறை மௌனமானதும்தான் நிமிர்ந்தாள்.

தம்பியின் தண்டு சிவப்பாக இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அடியில் ஒரு விரற்கடை நின்றது.

"வளையம் சரியா ஒக்காரலைங்," என்றார் சென்னியப்பன். "முடி எண்ணெய் இருந்தாக் காட்டாது."

"அவர் எண்ணெயே வெக்கறதில்லை," என்றாள் ரம்யா, யார் பக்கம் பேசுகிறோம் என்று யோசிக்காமல்.

வளையத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி மாட்டினார்கள். விரற்கடைதான். தரணி அக்காவையே உற்றுப் பார்த்தான், மூச்சைப் பிடித்தான், பரீட்சையில் விடை தெரியாத பையன்போல் நெற்றியைச் சுருக்கினான். தண்டு அசையவில்லை.

"எனக்கு எதுக்குங்க அளக்கறீங்க? குடுக்கறது அவங்கதானே?" என்று கடைசியில் எரிந்து விழுந்தான்.

"ஒருத்தருக்கொருத்தர் அன்பு இருக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு சார். ஒரு பக்கம் மட்டும் இருந்தா..." சார்பதிவாளர் கோகிலவாணியைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை மாற்றினாள். "மதியத்துக்கு மேல வாங்க."

தவறு எங்கே நடந்தது என்று வெளியே வந்ததும் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு மாதமாக அத்தனை பேரும் அக்காவின் மனதைத்தான் பார்த்தார்கள். அக்காவுக்குக் கேசரி, அக்காவுக்குச் சொட்டு, அக்காவின் கோபத்துக்கு ஜோசியம். வாங்கிக்கொள்கிறவன் நெஞ்சில் அது இருக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குமே தோன்றவில்லை.

டீக்கடை பெஞ்சில் தரணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "வேலை டென்ஷன்க்கா. ராத்திரி தூக்கமே இல்லை. அதான் காட்டலை."

"ஆமா. தூக்கத்துலதானே பாசம் வெச்சிருப்ப."

சென்னியப்பன் மருந்துக்கடையிலிருந்து சின்னக் குப்பியோடு வந்தார். இங்கே அவர் பிழைப்பும் மாட்டிக்கொண்டிருந்ததால் அவசரத்தில், வழக்கம்போல, மூக்குக்கு ஒன்றாக இரண்டு சொட்டும் விட்டார். தரணி அண்ணாந்து உறிஞ்சினான். டீ வந்தது. ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் அவன் தோள்கள் இறங்கின. காது எதற்காகவும் விறைக்காமல் அடங்கியது. கைப்பேசி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அக்காவை, ஏதோ வெகுதூரத்திலிருந்து வருகிறவளை அடையாளம் கண்டுகொள்கிறவன்போல் பார்த்தான்.

"ஏன்க்கா இப்புடி எளைச்சுட்ட?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள்.

"இணைச்சீருக்கு நின்னயே, பேழைமூடியைத் தலையில வெச்சுட்டு. சேலை முனை ஒண்ணு உங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட. உன் கழுத்து நடுங்குச்சு. சேலை வழியா எனக்குத் தெரிஞ்சுது." அவன் கண்ணில் நீர் கோத்தது. "அந்த முனையை நான் எப்பக்கா கையை விட்டேன்?"

கோகிலவாணி டீ டம்ளரை இறுகப் பிடித்தாள். சூடு உள்ளங்கையைச் சுட்டது. மருந்து, என்று சொல்லிக்கொண்டாள். மூக்கில் விட்ட மருந்து பேசுகிறது. ஆனால் அவள் கழுத்து நடுங்கியது மருந்துக்கு எப்படித் தெரியும்?

"தோட்டம் போயிட்டா நீ எங்கக்கா போவ?"

டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியை ஒரு மாதமாக யாரும் கேட்கவில்லை. கம்பெனி கேட்கவில்லை, ரம்யா கேட்கவில்லை, இவன் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளப் பயந்து, கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா," என்றாள்.

"அப்ப எதுக்குக் கையெழுத்துப் போடற? வேண்டாம். போடாத. நான் சொல்றேன், போடாதக்கா." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "அந்த வாசல்ல நீ இருந்தாத்தான் எனக்கு ஊருன்னு ஒண்ணு இருக்கும்."

"என்னங்க பேசறீங்க!" ரம்யா பதறி எழுந்தாள். "அட்வான்ஸ் வாங்கியாச்சு! ஏனுங் எழுத்தரய்யா, என்ன பண்ணி வெச்சீங்க?"

சென்னியப்பன் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எச்சாப் போச்சுங். பழக்கதோசத்துல ரெண்டு விட்டுட்டேன். ரெண்டு குடுக்கறவங்களுக்குங். வாங்கறவங்களுக்கு அரைச் சொட்டு போதும். அதுக்கு மேல போனா வாங்க மாட்டாங்க."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. தொழில் விவரமாகச் சொன்னார். கோகிலவாணிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து பாதி வழியில் வேறொன்றாக மாறிப்போனது.

"எழுத்தரய்யா," என்றாள். "இப்ப இவன் பேசுனது இவனோடதா, மருந்தோடதா?"

"மருந்து புதுசா ஒண்ணையும் உண்டாக்காதுங்கறாங்க. உள்ள அடைச்சுட்டிருக்கறதை எடுத்து விடுமாம். மருந்துக் கம்பெனிக்காரன் சொல்றது. நமக்கென்ன தெரியும் அம்மிணி?"

தரணியைக் காருக்குள் படுக்க வைத்தார்கள். இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கோகிலவாணி வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் முகத்திலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முதலில் ஈரம் காய்ந்தது. பிறகு காது விறைத்தது. பிறகு கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. அப்பாவின் உயிர் போனபோதுகூட அவள் இப்படி ஒரு சாவைப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அவளுக்குக் கண்ணாடியை உடைக்க வேண்டும்போல் இருந்தது. அந்தத் தாடியைப் பிடித்து உலுக்கி, உள்ளேதானே இருக்கிறாய், வா வெளியே, என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இல்லாமலே இருந்திருந்தால் பொறுத்திருப்பாள். இருக்கிறது. இருந்தும் அடைத்து வைத்திருக்கிறான். அடைத்தால்தான் அவனால் கார் ஓட்ட முடிகிறது, கடன் கட்ட முடிகிறது, அக்காவிடம் தோட்டத்தைக் கேட்க முடிகிறது.

இறங்கியதும் சென்னியப்பன் பார்த்துப் பார்த்து அரைச் சொட்டு விட்டார்.

"நான் ஏதாவது ஒளறினேனா?" என்று தரணி கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க, எந்திரிங்க," என்றாள் ரம்யா.

அளவை அறை மதிய வெயிலில் காந்தியது. வளையங்கள் மாட்டினார்கள். கோகிலவாணியின் தண்டு காலையில் நின்ற இடத்திலேயே ஏறி நின்றது. தரணியுடையது மெல்ல நகர்ந்து, கோட்டைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டிப் பச்சையானது. ரம்யா மூச்சு விட்டாள்.

சார்பதிவாளர் அந்தப் பச்சையைப் பார்த்தாள். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. "எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கற அதிகாரம் எனக்குக் கிடையாதும்மா," என்று யாரும் கேளாமலே சொன்னாள். பிறகு மேஜைமேல் இருந்த கண்ணாடித் தகட்டைக் கோகிலவாணி பக்கம் நகர்த்தினாள். அதில் நீல வெளிச்சம் ஒரு கட்டைவிரலுக்காகக் காத்திருந்தது.

"யாரும் வற்புறுத்தாம, முழுச் சம்மதத்தோட எழுதிக் குடுக்கறீங்களா? ஆமான்னா விரலை வைங்க."

"வெய்யிக்கா," என்றான் தரணி. குரலில் கனிவு இருந்தது. "உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

அது பொய்யில்லை. சுவரிலேயே எரிகிறதே. சரியான அளவு. தோட்டத்தைக் கேட்பதற்குப் போதும், கேட்காமல் இருப்பதற்குப் போதாது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து கொதித்த கோபம் அடங்கிவிடவில்லை. ஆனால் அது இப்போது எதையும் எரிக்கத் தேவையில்லாத ஒன்றாக, கால் ஊன்றி நிற்க ஒரு தரையாக, கெட்டிப்பட்டிருந்தது.

"இல்லீங்க," என்றாள்.

"என்னம்மா?"

"வெக்கலீங்க. என் தம்பி வேண்டாம்னு சொல்லிட்டான்."

சார்பதிவாளர் குழம்பித் தரணியைப் பார்த்தாள். "இவரு வெக்கச் சொல்றாரே?"

"இவனுக்கு அது ஞாபகம் இல்லீங்க."

அவள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியின் தண்டு சடசடவென்று இறங்கிச் சிவந்தது. பக்கத்தில் அவளுடையது, ஒரு இம்மியும் குறையாமல், பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.